லொறி பிறகு வாங்கலாம், தம்பி

கேள்வி: கட்டாரில் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் ஐந்து வருடம் பொருள் பொதி செய்யும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அதே தொழிலைத் திருகோணமலையில் தொடங்க ஆசை. கையிலுள்ள சேமிப்பை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் ஒரு லொறி எடுக்க நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். "ஊரில் இவ்வளவு லொறி இருக்கும்போது உங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்?" என்று கேட்கிறார். என்ன செய்யட்டும்?
வாசகர் ஒருவர், பாலையூற்று

பதில்: தம்பி, லொறி விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம். தொழில் விஷயத்தில் உங்கள் பக்கம்.

ஹயருக்கு ஓடும் லொறிக்கும் பட்டா என்ற சின்ன லொறிக்கும் நம் ஊரில் குறைவில்லை. வாடகை பேசினால் வாசலில் வந்து நிற்கும். ஆனால் கண்ணாடி அலுமாரியைக் கழற்றுவது யார், பீங்கான் கோப்பைகளைக் கடதாசியில் சுற்றுவது யார், உடைந்தால் பொறுப்பு யார்? அதற்குத்தான் ஆளில்லை. நீங்கள் படித்து வந்ததும் அந்த வேலையைத்தான். லீசிங் தவணையோ வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும். முதல் ஒரு வருடம் லொறியை வாடகைக்கே எடுங்கள். நிதானமாக ஓடும் சாரதிகள் இரண்டு பேரைப் பழக்கி வைத்திருங்கள். வருடக் கடைசியில், வாடகையாகக் கொடுத்த தொகை தவணையை விடக் கூடுதலாக இருந்தால் அப்போது லொறியை யோசிக்கலாம். இப்போதைக்கு நல்ல தறப்பாள், தடித்த போர்வைகள், கட்டும் பட்டிகள், தள்ளுவண்டி, உறுதியான பெட்டிகள் போதும்.

போனில் விலை சொல்லவே வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் லாபமும் நட்டமும் அந்த அரை மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. உவர்மலைப் பக்கம் ஒரு மாடி வீடு என்று வையுங்கள். படிக்கட்டுத் திரும்பும் இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். தச்சர் மேலறையிலேயே வைத்துச் செய்துவிட்டுப் போன தேக்கு அலுமாரி, கழற்றாமல் அந்தத் திருப்பத்தைத் தாண்டாது. கழற்ற எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்று அங்கேயே கணக்குப் போடுங்கள். ஒழுங்கைக்குள் லொறி வருமா? வராவிட்டால் பட்டாவில் ஏற்றி வீதியில் இறக்கி மறுபடியும் லொறியில் ஏற்ற வேண்டும். அந்த இரட்டைக் கூலியை விலையில் சேர்க்காமல் விட்டால் அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

பார்த்த சாமான்களையெல்லாம் கொப்பியில் எழுதுங்கள், முன்பே இருக்கும் கீறல், விரிசல் உட்பட. போனில் படமும் எடுங்கள். கடைசியில் வீட்டுக்காரரின் கையெழுத்து. நகை, பணம், காணி உறுதி எல்லாவற்றையும் அவர்களே கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சாமிப் படங்களை யார் எடுப்பது என்றும் முன்கூட்டியே கேளுங்கள். பல வீடுகளில் பிறர் தொடுவதை விரும்ப மாட்டார்கள். பிரிட்ஜை நிமிர்த்தியேதான் கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். புது வீட்டில் இறக்கியதும் சுவிட்சைப் போட அவசரப்படுவார்கள். சாய்ந்த நேரத்தில் குழாய்க்குள் போன கொம்பிரசர் எண்ணெய் திரும்பி வடிய வேண்டும், சில மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை வரும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் அனேகமாகக் குடிபுக மாட்டார்கள். ஆவணியும் தையும் பிறந்தால் ஒரே நல்ல நாளுக்கு நாலு வீட்டார் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் விடியற்காலையில் பால் காய்ச்ச வேண்டும். ஏலாது என்றால் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அரசாங்க இடமாற்றம் மார்கழி பார்ப்பதில்லை. கிழக்கு மாகாண சபையின் தலைமையகமே இங்கே இருப்பதால் அலுவலர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், ஆசிரியர்களின் வருடாந்த இடமாற்றமும் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே வரும். அது வடகீழ்ப் பருவமழை கொட்டும் நேரம். மெத்தையைப் பொலித்தீனில் சுற்றாமல் வீட்டு வாசற்படியைத் தாண்ட விடாதீர்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர்களை மார்ச் மாதமே போய்ப் பாருங்கள். சீசன் தொடங்குமுன் அவர்கள் கட்டில், மேசை மாற்றுவார்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று எங்கிருந்தும் வேலை வரும், ஆகவே பில்லைத் தமிழிலும் சிங்களத்திலும் அடியுங்கள்.

கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். போகும்போது லொறி நிறையப் போகும், வரும்போது வெறுமையாக வரும். திரும்பி வரும் டீசலையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். திரும்பும்போது ஏற்ற ஏதாவது கிடைத்தால் அது உங்கள் லாபம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் யானை வீதிக்கு வரும். சாமான் ஏற்றிய லொறியை அந்த நேரத்தில் அனுப்பாதீர்கள்.

பதிவு வேலை பெரிய சிரமமில்லை. வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், அது கிடைத்ததும் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். லொறியின் காப்புறுதி உள்ளே இருக்கும் சாமானையும் காக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றிச் செல்லும் பொருளுக்குத் தனிக் காப்புறுதி இருக்கிறது. முதல் வேலைக்கு முன்பே விலை கேட்டு வையுங்கள்.

அடுத்தது, தூக்குகிற பிள்ளைகள். ஒருவரை வைத்தாலும் அவர் உங்கள் ஊழியர்தான். அவருடைய சம்பளக் கணக்கில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பங்கு 12 வீதம், அவருடைய பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) நீங்கள் இன்னும் 3 வீதம். இதை ஆரம்பத்திலேயே விலைக்குள் போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் வாடிக்கையாளர் முகம் சுழிப்பார். அலுமாரி காலில் விழுந்து ஒருவர் படுத்துவிட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். கையுறையும் கால் விரலை மூடும் சப்பாத்தும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். செருப்போடு வருபவரைப் படிக்கட்டில் பாரம் தூக்க விடாதீர்கள், அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.