சேந்த் குருவா கோவில் ஏன் பழையதாகத் தெரியவில்லை?

கேள்வி: சென்னையிலிருந்து மொரீஷியஸுக்கு வந்த என் நாத்தனாரை, லாவால் சாமியார் கல்லறை இருக்கும் சேந்த் குருவா பங்குக் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். "நூற்றைம்பது வருஷத்துத் தலம் என்றீர்களே அண்ணி, கட்டடம் அப்படித் தெரியவில்லையே" என்றாள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, காத்ர போர்ன்

பதில்: அவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார் அம்மா. தலம் பழையது, கட்டடம் புதியது. பழைய கோவிலை 1960 பிப்ரவரியில் கரோல் புயல் இடித்துப்போட்டது. ஜனவரியில் அலிக்ஸ் புயல் ஆட்டிவைத்த கூரைகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் கரோல் வந்துவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு 256 கிலோமீட்டரைத் தொட்டது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு புதுப்பாணியில் எழுப்பியது.

எங்களுடையது கொத்தனார் குடும்பம். எந்தக் கோவிலுக்குள் நுழைந்தாலும் தாத்தா முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். வீட்டில் அறைக்கு அறை சுவர் இருந்து கூரையைப் பிடித்துக்கொள்ளும். பங்குக் கோவிலிலோ வாசலிலிருந்து பீடம் வரை ஒரே கூடம். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால் போதும். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். மரச்சட்டமும் தகரமும் அதைத் தாங்காது. கூரை போனபின் பிடிமானமில்லாத உயரச் சுவரும் சாயும். கரோலுக்குப் பிறகு இந்தத் தீவில் வீடுகளே தகரத்தை விட்டுக் கான்கிரீட் தளத்துக்கு மாறின.

பழைய கட்டுமானத்தை இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர் லா பூர்தொன்னே 1735-ல் கவர்னராக வந்து தலைநகர் போர்ட் லூயிஸை எழுப்பியபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நம் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். எரிமலைக் கருங்கல், பவளப்பாறையைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. ஊரில் பழைய சுவர் எதையாவது கிட்டப்போய்ப் பாருங்கள்: கல் பொத்தல் பொத்தலாக இருக்கும். எரிமலைக் குழம்பு ஆறியபோது வாயு வெளியேறிய தடம் அது. சாந்து அந்தக் குழிகளுக்குள் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

சேந்த் குருவாவில் பழமையைத் தேடுகிறவர் கல்லறைக்குத்தான் போகவேண்டும். அது கோவிலுக்கு வெளியே தனியாக இருக்கிறது. ழாக் தெசிரே லாவால் 1803-ல் நார்மண்டியில் பிறந்தவர். மருத்துவராக இருந்து குருவானவர். 1841 செப்டம்பரில் இங்கே வந்திறங்கியபோது, அடிமைத்தளை நீங்கிய மக்களுக்கு அவர்கள் பேசிய கிரியோலிலேயே மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். 1864 செப்டம்பர் 9-ல் இறந்தார். 1979 ஏப்ரலில் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளித்தார். கல்லறைமேல் படுத்த நிலையில் வண்ணம் தீட்டிய சொரூபம் ஒன்று இருக்கிறதே, அதை நாத்தனாருக்குக் காட்டினீர்களா? தொட்டுக் கும்பிட்ட கைகள் அதை வழவழப்பாக்கியிருக்கின்றன. கத்தோலிக்கர் மட்டுமா, திருநீறு பூசிய கைகளும் முஸ்லிம்களின் கைகளும் அதில் உண்டு. எனக்கு அந்த வழவழப்பைவிட உயர்ந்த சிற்பவேலை இந்த ஊரில் தெரியாது.

அவர் நினைவுநாளுக்கு முந்தின செப்டம்பர் 8 இரவு தீவின் நாலாபக்கமிருந்தும் நடந்தே வருவார்கள்; அன்றைக்கு நின்று பார்க்க இடமிருக்காது. அடுத்த முறை சாதாரண நாள் காலையில் போங்கள். பக்கத்து அபெர்க்ரோம்பியில் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோவிலையும் அப்படியே தரிசித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.