வலது கை ஓரத்து லிவர்கள்

அன்புள்ள ஐயா,

பழைய ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரை ஒருவர் ஓட்டிக் காட்டும் வீடியோ பார்த்தேன். கியர் லிவரும் ஹேண்ட் பிரேக்கும் டிரைவருக்கு வலது பக்கம், பாடிக்கு வெளியே நிற்கின்றன. என் அப்பாவின் அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது, என் காரில் நடுவில் இருக்கிறது. அவ்வளவு விலையுள்ள காரில் மழையில் நனையும்படி ஏன் வெளியே வைத்தார்கள்? பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கட்டும் என்றா?

தங்கள் வாசகன், ஈரோடு

அன்புள்ள தம்பி,

எடுப்புக்காக இல்லை. ஈரோட்டுக்காரர் என்பதால் கரூர் பாடி பட்டறைகளுக்குப் போகும் பஸ் சேஸிஸைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். இன்ஜின், ஸ்டியரிங், சக்கரங்கள், ஒரு தற்காலிக சீட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டும் டிரைவர், அவ்வளவுதான். 1906-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு வந்த 40/50 குதிரைத்திறன் ரோல்ஸ் ராய்ஸும் அப்படி வெறும் சேஸிஸாக விற்கப்பட்டதுதான். சில்வர் கோஸ்ட் என்பது முதலில் ஒரே ஒரு காருக்கு வைத்த பெயர், பிறகு அந்த மாடல் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. வாங்கியவர் சேஸிஸை பார்க்கர், ஹூப்பர் மாதிரியான பட்டறைகளுக்கு அனுப்பிப் பாடி கட்டிக்கொள்வார். இரண்டு லிவர்களும் சேஸிஸோடு, அதன் வலது ஓரச் சட்டத்தை ஒட்டியே வந்துவிடும். பாடி கட்டுபவர் பக்கப் பலகையை அவற்றுக்கு உள்ளே நிறுத்தினால் லிவர் வெளியே தெரியும், கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்தினால் லிவர் உள்ளே போய்விடும்.

சரி, சேஸிஸில் ஏன் ஓரத்தில்? அந்தக் காரில் கியர் பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டியிருக்காது. கொஞ்சம் பின்னால் தனியாக இருக்கும். ஓரத்து லிவரிலிருந்து ஒரு குறுக்குத் தண்டு அதுவரை போகிறது. லிவரைப் பக்கவாட்டில் நகர்த்தினால் தண்டும் கூடவே நகர்ந்து, கியர் பாக்ஸுக்குள் பல்சக்கரங்களை நகர்த்தும் கவைகளில் (கவட்டை வடிவத் துண்டுகளில்) ஒன்றைப் பிடிக்கும். அப்புறம் முன்னே தள்ளினாலோ பின்னே இழுத்தாலோ தண்டு திரும்பிப் பல்சக்கரத்தை நகர்த்தும். லிவர் போய்வர இரும்புத் தகட்டில் வெட்டிய காடிகள் இருக்கும். இந்த ஏற்பாட்டை 1901 மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மேபாக் கொண்டுவந்த பிறகுதான் வேண்டிய கியருக்கு நேராகப் போக முடிந்தது. அதற்கு முன்னால் பல கார்களில் மூன்றாவது கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரவே இரண்டையும் ஒன்றையும் கடந்துதான் வரவேண்டும்.

பிரேக் லிவர் விஷயம் இன்னும் முக்கியம். இன்றைக்கு ஹேண்ட் பிரேக் என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போடுவது. அன்று அது ஓடும் வண்டியில் இழுக்கும் பிரேக். 1913 வரை சில்வர் கோஸ்டில் கால் பிரேக், கியர் பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடித்தது. பின் சக்கரங்களின் டிரம்மை நேராகப் பிடித்தது கை லிவர். முன் சக்கரங்களுக்கு 1924 வரை பிரேக்கே கிடையாது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, இறக்கமான மலைப்பாதை, கையில் ஒரு லிவர். ஹைட்ராலிக் உதவி எதுவும் இல்லை. இழுவையைப் பெருக்கித் தருவது லிவரின் நீளம் மட்டும்தான். அதனால்தான் அது அவ்வளவு உயரம். அந்த நீளம் முன்னும் பின்னும் ஆட இடம் வேண்டும். இரண்டு பேரின் முழங்கால்களுக்கு நடுவே அந்த இடம் ஏது? ஓரத்தில் வைத்தால் தடையில்லை, வலுவான வலது கையும் அங்கேதான் இருக்கிறது. இடது கை ஸ்டியரிங்கை விடாது. இக்னிஷன் பொறி விழும் நேரத்தை முன்பின் தள்ளும் சிறு லிவரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொன்றும் ஸ்டியரிங் நடுவிலேயே இருந்தன.

அமெரிக்காவில் கதை வேறு. ஃபோர்டின் மாடல் டி 1908-லேயே டிரைவரை இடது பக்கம் உட்காரவைத்தது. சில வருடங்களில் கேடிலாக்கும் இடதுக்கு மாறி, கியரை நடுவுக்குக் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1921-லிருந்து கார் செய்த ரோல்ஸ் ராய்ஸ் மட்டும் கொஞ்ச காலம் வலது பக்கத்தை விடவில்லை. 1925-ல்தான் அங்கே ஸ்டியரிங் இடதுக்கும் கியர் நடுவுக்கும் போயின.

கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்துவிட்ட பிறகு லிவரை அதன் மூடியின் மேலேயே நட்டுவிடலாம். செலவும் குறைவு, சாதாரண கார்கள் அந்த வழியில் போயின. இங்கிலாந்தின் உயர்ரகக் கார்கள் உடனே இறங்கி வரவில்லை. 1952 முதல் 1955 வரை வந்த பென்ட்லி ஆர் டைப்பில்கூட, வலது ஸ்டியரிங் கார்களில் கியர் லிவர் டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் இடையே நின்றது, மழை படாமல் உள்ளே. இடது ஸ்டியரிங் உள்ள ஏற்றுமதிக் கார்களுக்கு ஸ்டியரிங் தண்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஓரத்தில் வைத்ததே சரி என்பதுதான் என் கட்சி. கை தொங்கும் இடத்திலேயே லிவர் இருக்கிறது, முன்பக்கத் தரையும் காலி. உங்கள் அப்பாவின் அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே போனதால்தான் முன் சீட்டில் மூன்றாவது ஆள் காலை நீட்ட முடிந்தது.

அந்த வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். டிரைவர் எந்தப் பக்கமாக ஏறுகிறார் என்று கவனியுங்கள். வலது பக்கத்தை லிவர்கள் மறித்துக்கொள்வதால் அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அங்கே ஸ்டெப்னியைக் கட்டிவிடுவார்கள். டிரைவர் இடது பக்கமாக ஏறி, சீட்டில் நகர்ந்துதான் தன் இடத்துக்கு வரவேண்டும்.