வெறும் பையில் விட்ட கை

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

அமெரிக்காவில் இணையத்தில் சிறுமியின் பெயரில் உரையாடிய துப்பறிவாளர்களின் வலையில், காவல் அதிகாரி ஒருவரே வந்து சிக்கிய செய்தியைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். தான் பேசிக்கொண்டிருந்தது ஒரு சிறுமியிடம் என்று அவர் நம்பியிருக்கிறார். மறுமுனையில் தட்டச்சு செய்தவரோ பயிற்சி பெற்ற அதிகாரி. நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டு, இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் பெயர், ஊர் இரண்டையும் விட்டிருக்கிறேன்.

கேள்வி: எதிரே சிறுமியே இல்லாதபோது அந்த அதிகாரி யாருக்கு என்ன தீங்கு செய்தார்? பொறி வைத்து ஆளைப் பிடிப்பது நியாயமா? நம் நாட்டுச் சட்டம் இதை ஏற்குமா? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை வட்டம்)

பதில்: ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. குற்ற முயற்சியைப் பற்றிய 511-ஆம் பிரிவு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறது: ஒருவன் திருடும் எண்ணத்தோடு இன்னொருவனின் சட்டைப் பைக்குள் கையை விடுகிறான்; பையில் ஒன்றும் இல்லை; ஆனாலும் அவன் குற்றவாளியே. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 62-ஆம் பிரிவும் இதே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. பை வெறுமையாக இருந்தது கைவிட்டவனின் நல்ல குணத்தால் அன்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது நாம் போக்சோ என்று சொல்லும் சட்டம், முயற்சியைத் தன் 18-ஆம் பிரிவில் தனியாகவே தண்டிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், இணையத்தின் வழியாகச் சிறாரைப் பாலியல் செயலுக்கு இணங்க வைக்க முயல்வதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு சிறை. மறுமுனையில் இருந்தவர் வயது வந்த அதிகாரி என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை.

பொறி வைப்பது நமக்குப் புதிதன்று. லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனப் பொடி தடவிய ரூபாய்த் தாள்களைக் கொடுத்தனுப்பி, வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வதும், கரைசல் இளஞ்சிவப்பாக மாறுவதும் நம் தாலுகா அலுவலகங்களில் நடக்கிற காரியந்தான். ஆனால் அங்கே லஞ்சம் கேட்டது முதலில், பொடி தடவியது பிறகு. 1950-களிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கண்டிப்போடு எடுத்துச் சொன்னது. குற்றம் செய்யத் தொடங்கிவிட்டவனைப் பிடிக்கப் பொறி வைக்கலாம். இல்லாத ஆசையைக் காவலர்களே ஒருவன் மனத்தில் விதைத்துவிட்டுப் பிறகு அவன் கையில் விலங்கு மாட்டக் கூடாது. ஆகவே முறையான பொறியில் சிறுமியாக நடிப்பவர் பாலியல் பேச்சைத் தாமாகத் தொடங்குவதில்லை. தம் வயதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகும் விலகாமல் பேச்சை வளர்த்து, இடமும் நேரமும் குறித்துக்கொண்டு வருகிறவனே சிக்குகிறான்.

2013-இல் நெதர்லாந்தின் தொண்டு நிறுவனம் ஒன்று, பத்து வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுமியின் உருவத்தைக் கணினியில் செய்து, ஸ்வீட்டி என்று பெயரிட்டு, இணைய அரட்டை அறைகளில் உட்கார வைத்தது. பத்தே வாரங்களில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் அவளை அணுகினார்கள். 71 நாடுகளைச் சேர்ந்த 1,000 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். உயிரில்லாத ஒரு பொம்மையைத் தேடி இத்தனை பேர் வந்தார்கள் என்றால், உயிருள்ள குழந்தைகளைத் தேடி வந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்து நான் உறங்காத இரவுகள் உண்டு.

கேள்வி: நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஒருவன் கைப்பேசியில் தினமும் அசிங்கமாக எழுதுகிறான். படம் அனுப்பச் சொல்கிறான். காக்கி உடுப்போடு தன் படத்தையும் அனுப்பியிருக்கிறான். ‘புகார் கொடுத்தாலும் அது என் மேசைக்குத்தான் வரும்’ என்று எழுதியதைப் பார்த்து எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. நான் எங்கே போவேன்? (ஒரு தாய்)

பதில்: சகோதரி, முதலில் மகளை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். நடந்ததில் அவள் பக்கம் குற்றம் ஒன்றுமில்லை. இதை அவள் காதில் விழும்படி நீங்கள் சொல்ல வேண்டும்.

அடுத்து, அந்தக் கைப்பேசி. சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்த ஒரு தாய், மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் இடுக்குகளிலெல்லாம் தவிடு ஒட்டியிருந்தது. பயத்தில் சிம் கார்டை இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு, செய்திகளை எல்லாம் அழித்துவிட்டு, கைப்பேசியை மூன்று நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். மகள் வாசலோரம் நின்று சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அழித்தவற்றில் கொஞ்சத்தைத்தான் எங்களால் மீட்க முடிந்தது. நீங்கள் எதையும் அழிக்காதீர்கள். அவனுக்குப் பதிலும் எழுத வேண்டாம். அவனுடைய எண் அல்லது கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். தானே மறைந்துபோகும் செய்தியாக இருந்தால் இன்னொரு கைப்பேசியால் படம் எடுங்கள். மகளின் அந்தரங்கப் படம் ஏதேனும் போயிருந்தால் அதை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். கைப்பேசியை அப்படியே விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

புகார் அவன் மேசைக்குத்தான் வரும் என்பது பொய். உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற்றுப் பதிய வேண்டும் என்று 2024 முதல் சட்டமே சொல்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ, நெல்லை மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையரிடமோ நேரில் கொடுக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ இப்போதே அழைக்கலாம். புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குப் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பதிந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போயாக வேண்டும். காவல் நிலையத்தின் நான்கு சுவருக்குள் அமுக்கிவிட முடியாதபடிதான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

மகளைக் காக்கிச் சட்டைக்கு முன்னால் நிறுத்த வேண்டுமே என்று தயங்குகிறீர்கள் அல்லவா? போக்சோவின் 24-ஆம் பிரிவு அந்தத் தயக்கத்தை அறிந்தே எழுதப்பட்டது. அவளுடைய வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவளுடைய பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது குற்றம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போதும் அவன் முகத்தில் அவள் விழிக்க வேண்டியதில்லை.

அவன் மெய்யாகவே காவலரா, உடுப்பை இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கொண்ட எவனோ ஒருவனா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையன்று. குழந்தையை மின்னணு வழியில் விடாமல் தொடர்பு கொள்வதும் ஆபாசப் படத்துக்கு ஆசை காட்டுவதும் போக்சோ 11-ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லை. 12-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குழந்தையைத் தீண்டியவர் காவலர் என்றால் போக்சோவின் 5, 9 ஆகிய பிரிவுகள் அதைக் கடுமையாக்கப்பட்ட குற்றமாகக் கொள்கின்றன. 5-ஆம் பிரிவுக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 20 ஆண்டு சிறை. எழுத்தால் மட்டும் துன்புறுத்தும் காவலருக்கு அப்படிக் கூடுதல் தண்டனை வைக்காமல் விட்டது சட்டத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். ‘என் மேசைக்குத்தான் வரும்’ என்ற ஒரு வரியை அவனால் எழுத முடிவதே அந்த உடுப்பின் பலத்தால்தானே.

ஒன்று சொல்ல வேண்டும். ‘சோறு தின்னலன்னா போலீஸ்காரன்ட்ட புடிச்சுக் குடுத்துருவேன்’ என்று சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அமெரிக்காவில் அந்த அதிகாரி சிக்கியதற்குக் காரணம், எதிர்முனையில் இருந்தவருக்கு அவரைக் கண்டு பயமில்லை என்பதுதான். அவர் ஒவ்வொரு வரியையும் சேமித்தார். அவருக்குப் பின்னால் ஓர் அலுவலகமே நின்றது. உங்கள் மகளுக்குப் பின்னால் இன்றைக்கு நிற்பது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுதிய அன்றே அது மாறிவிட்டது. இதழின் முகவரிக்கு உங்கள் தொடர்பு எண்ணை அனுப்புங்கள். கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நானே உங்களோடு வருகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, இப்படிப்பட்ட ஒருவனைப் பேருந்து நிலையத்துக்கு வரவழைத்து அடித்து, அந்த வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். காவல் துறை செய்யாததை அவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்கிறேன். சரிதானே? (கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம் வட்டம்)

பதில்: தம்பி, அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது, செய்ததை ஏற்க முடியாது. யார் முதலில் பேச்சைத் தொடங்கினார்கள், வயதைச் சொன்னார்களா, எந்தப் படத்தைப் பயன்படுத்தினார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருக்காது. படத்துக்காகத் தெரிந்த வீட்டுப் பெண்ணின் முகத்தை எடுத்துப் போட்டிருந்தால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவர்களே கை வைத்துவிட்டார்கள். அடித்ததற்கு அவர்கள் மேல் வழக்கு வரும். வீடியோ பரவியதும் அவன் கூட்டாளிகள் தங்கள் கைப்பேசிகளைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடுவார்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2020-இல் இத்தகைய தனியார் குழு ஒன்று திரட்டிய சான்றை ஏற்றுக்கொண்டது உண்மை. அங்கே அந்தக் குழு உரையாடலைச் சிதைக்காமல் காவல் துறையிடம் ஒப்படைத்தது. உங்கள் நண்பர்களிடம் அந்த உரையாடல் இன்னும் இருந்தால், இன்றே சைபர் குற்றப் பிரிவில் கொடுக்கச் சொல்லுங்கள். அடித்த வீடியோவை மேலும் பரப்ப வேண்டாம்.

கேள்வி: நான் காவல் துறையில் பணியாற்றுகிறேன். எவனோ ஒருவன் செய்ததற்கு எங்கள் எல்லோரையும் சந்தேகிக்கிறார்கள். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. என்னுடன் பணியாற்றும் ஒருவரின் கைப்பேசித் திரையில் ஒரு பள்ளிச் சிறுமியோடு அவர் நடத்தும் உரையாடலைத் தற்செயலாகக் கண்டேன். அவர் எனக்கு மூத்தவர். என் குடும்பத்தை நினைத்துப் பேசாமல் இருக்கிறேன். (ஒரு காவலர்)

பதில்: ஐயா, போக்சோ 19-ஆம் பிரிவு ‘எந்த ஒரு நபரும்’ என்றே சொல்கிறது. குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், அவர் தகவல் தர வேண்டும். சீருடை அணிந்தவருக்கு அதில் விலக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மேல் வழக்குத் தொடர முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது.

நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சிறுமிக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஓர் இளம் காவலர், பையனைப் போல நடித்து 200-க்கும் மேற்பட்ட சிறுமிகளை இணையத்தில் மிரட்டிச் சீரழித்தார். அவர்களில் பத்து வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். 2023 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு சிறுமியோடு நிற்கிற பழக்கமன்று இது.

அச்சம் எனக்குத் தெரியாததன்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது நடந்ததை, அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான் நடுவர் முன் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்றும் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் பயந்து தயங்கியதையும் நடுவர் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். தயங்கினார், பிறகு கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

அந்தச் சக காவலரின் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவோ, அவரிடம் எச்சரிக்கையாகச் சொல்லவோ வேண்டாம். சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். கண்ட நாள், நேரம், திரையில் படித்த சொற்கள், சிறுமியின் பெயர் அல்லது கணக்கு கண்ணில் பட்டிருந்தால் அது, இவற்றை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் நிலைய அதிகாரியைத் தாண்டி, கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் நிலையத்தின் பெயரை எழுதி, மையால் அடித்திருக்கிறீர்கள். கண்காணிப்பாளருக்கு எழுதும்போது அந்தப் பெயரை அடிக்காமல் எழுதுங்கள்.