அரியரை முடித்ததும் சிஜிபிஏ ஏன் குறைந்தது?

விருதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்:

"என் மகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2017-இல் சேர்ந்து 2021-இல் பி.இ. ட்ரிபிள் இ முடித்தாள். மூன்றாம் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. அந்த மார்க் ஷீட்டில் சிஜிபிஏ 8.1. அடுத்த முறையே எழுதி பாஸ் செய்துவிட்டாள். ஆனால் சிஜிபிஏ 7.9 ஆகிவிட்டது. பாஸ் ஆனதற்கு யாராவது குறைப்பார்களா? கடைசியில் 7.8-இல் முடித்தாள். இப்போது ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறாள். 78 சதவீதம் என்று போடலாமா? அந்த அரியர் மார்க் ஷீட்டைக் காட்டாமல் விட்டுவிடலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், குறையும். யாரும் தவறு செய்யவில்லை. கேட்கும்போது அநியாயமாகத்தான் தோன்றும், கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

2017-இல் சேர்ந்தவர்களுக்கு 2017 விதிமுறை பொருந்தும். அதில் 91 முதல் 100 வரை ஓ கிரேடு, 10 புள்ளி. 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 9. அப்படியே இறங்கி 71-க்கு ஏ (8), 61-க்கு பி பிளஸ் (7), 50 முதல் 60 வரை பி (6). அதற்கும் கீழே போனால் ஆர்ஏ, அதாவது மறுபடி எழுத வேண்டும். நம் ஊரில் எல்லோரும் 'அரியர்' என்று சொல்வது மார்க் ஷீட்டில் இந்த இரண்டு எழுத்தாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (அந்தப் பாடத்துக்குக் கொடுத்திருக்கும் எடை எண்) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவது ஜிபிஏ. எல்லா செமஸ்டரையும் சேர்த்து இதையே செய்தால் சிஜிபிஏ. இதில் பலர் கவனிக்காத ஒரு வரி விதிமுறையில் இருக்கிறது: ஆர்ஏ, எஸ்ஏ, டபிள்யூ ஆகிய மூன்றும் கணக்கில் சேராது. (எஸ்ஏ என்றால் வருகைப் பதிவு போதவில்லை, டபிள்யூ என்றால் அனுமதி வாங்கித் தேர்விலிருந்து விலகியது.) பூஜ்யமாகக்கூட அவை சேர்வதில்லை. மேலே புள்ளியும் இல்லை, கீழே கிரெடிட்டும் இல்லை. அந்தப் பாடமே இல்லாத மாதிரி வகுத்துவிடுவார்கள்.

மூன்றாம் செமஸ்டரிலிருந்து நான்கு பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணக்கு, அதாவது பிள்ளைகள் பயப்படும் டிரான்ஸ்ஃபார்ம்ஸ், 4 கிரெடிட். மெஷின்ஸ் 3, டிஜிட்டல் லாஜிக் 3, ஒரு லேப் 2. மெஷின்ஸில் ஏ பிளஸ், டிஜிட்டலில் ஏ, லேபில் ஓ, கணக்கில் ஆர்ஏ என்று வைப்போம். 27, 24, 20 சேர்ந்து 71 புள்ளி. கணக்கை விட்டால் 8 கிரெடிட். வகுத்தால் 8.88. பெயிலான செமஸ்டரில் இப்படி ஒரு அழகான ஜிபிஏ!

அடுத்து கணக்கை எழுதி பி கிரேடில் பாஸ். 24 புள்ளி கூடி 95 ஆகிறது, கிரெடிட் 12 ஆகிறது. வகுத்தால் 7.92. பாஸ் செய்ததும் கிட்டத்தட்ட ஒரு புள்ளி போய்விட்டது. உண்மையில் முதலில் காட்டிய 8.88-தான் ஓட்டை உள்ள எண். ஒரு பாடத்தை வெளியே வைத்துவிட்டுப் போட்ட கணக்கு அது. உங்கள் மகளின் 8.1 அதே வகைதான். நான்காம் செமஸ்டர் கிரேடுகளும் சேர்ந்துதான் 7.9 வந்திருக்கும் என்பதால் முழுப் பழியையும் கணக்குப் பாடத்தின் மேல் போட வேண்டாம். பெயிலானதைப் பூஜ்யமாகச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே இதே மாணவிக்கு முதலில் 71-ஐ 12-ஆல் வகுத்து 5.92 வந்திருக்கும், பாஸ் ஆனதும் ஏறியிருக்கும். இரண்டு ஊர் மார்க் ஷீட்டை அருகருகே வைத்து ஒப்பிடுவது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, 78 சதவீதம் போடலாமா?

சிஜிபிஏவை 10-ஆல் பெருக்குவதுதான் அண்ணா பல்கலையில் வழக்கம், அதனால் போடலாம். ஆனால் உங்கள் மகள் வாங்கிய மதிப்பெண்களின் சராசரி 78 என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 81 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் ஒரே 9 புள்ளி. பெருக்கினால் இருவருக்கும் 90. சரியாக 50 வாங்கி பாஸானவருக்கு 60 ஆகிவிடும். ஒவ்வொரு கிரேடின் உச்சியைத்தான் இந்தப் பெருக்கல் கொடுக்கிறது. இதைச் சரிக்கட்டத்தான் சில இடங்களில் கொஞ்சம் கழித்துவிட்டுப் பெருக்குகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் அட்டவணையில் 6.75-க்கு 60 சதவீதம், அதாவது முக்கால் புள்ளி கழிவு. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலையும் இதே கழிவைப் பயன்படுத்தியிருக்கிறது. உங்கள் மகளின் 7.8 இந்த முறைப்படி 70.5 ஆகும். கூகுளில் தேடி 9.5-ஆல் பெருக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த கணக்கு, பி.இ.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே விண்ணப்பத்தில் சிஜிபிஏ கட்டம் இருந்தால் 7.8 என்று மட்டும் எழுதுங்கள். சதவீதம்தான் வேண்டும் என்று கேட்டால் முதலில் அந்தப் படிவத்திலேயே மாற்றும் முறை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழக முறைப்படி போட்டு, அதற்கான சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனிக்குப் பெரும்பாலும் சதவீதமே தேவைப்படாது. அங்கே மதிப்பெண் தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் பாஸ். வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றப் பல பல்கலைக்கழகங்கள் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. உச்சப் புள்ளியிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். அதை, உச்சத்துக்கும் குறைந்தபட்ச பாஸ் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வந்ததை 3-ஆல் பெருக்கி 1 கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண்.

இதில் வம்பு அந்தக் 'குறைந்தபட்ச பாஸ்' எண்ணில்தான். 2017 விதிமுறையில் பாஸான கடைசிக் கிரேடு பி, 6 புள்ளி. அதை வைத்தால் 2.2-ஐ 4-ஆல் வகுத்து, மதிப்பெண் 2.65. அதற்கு முந்தைய 2013 விதிமுறையிலும் பிந்தைய 2021 விதிமுறையிலும் கடைசி பாஸ் கிரேடுக்கு 5 புள்ளிதான். யாராவது 5-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 2.32 வரும். 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் படிப்புகள் நிறைய. 2.32 என்றால் உள்ளே, 2.65 என்றால் வெளியே. ஒரே பெண், ஒரே மார்க் ஷீட்!

எந்த எண்ணை எடுப்பது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு, நாம் சொல்லிக் கேட்க மாட்டார்கள். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். 2.65 வந்தாலும் இடம் கிடைக்கக்கூடிய சில படிப்புகளையும் பட்டியலில் வையுங்கள். கிரேடு அட்டவணை உள்ள பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். அதுவும் அவள் படித்த 2017 விதிமுறையின் அட்டவணையாக இருக்க வேண்டும். தம்பி தங்கையின் 2021 மார்க் ஷீட்டைப் பார்த்து எழுதிவிடக் கூடாது.

கடைசிக் கேள்வி, அந்த அரியர் ஷீட். மறைக்காதீர்கள், மறைக்கவும் முடியாது. கன்சாலிடேடட் மார்க் ஷீட்டில் ஆர்ஏ என்று இருக்காதுதான், ஆனால் எந்த மாதம், எந்த ஆண்டு பாஸ் என்று இருக்கும். மற்ற மூன்றாம் செமஸ்டர் பாடங்களெல்லாம் 2018 நவம்பரில் இருக்க, கணக்கு மட்டும் 2019 ஏப்ரலில் என்றால் பார்ப்பவருக்குப் புரியாதா? போதாததற்கு 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு ஏபிஎஸ் என்ற ஜெர்மன் கல்வி மதிப்பீட்டு மையத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆவணங்கள் உண்மையானவையா என்று சரிபார்ப்பதே அவர்கள் வேலை. படிவத்தில் 'இப்போது நிலுவையில் உள்ள அரியர்' என்று கேட்டால் பூஜ்யம். 'இதுவரை வைத்த அரியர்' என்று கேட்டால் ஒன்று. இரண்டும் வேறு வேறு கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுண்டு. முதல் முயற்சியில் விட்டு அடுத்த முயற்சியிலேயே முடித்த ஒரே ஒரு கணக்குப் பாடத்துக்காக யாரும் கதவைச் சாத்திவிடப் போவதில்லை. பொய் சொன்னது தெரிந்தால் சாத்துவார்கள்.

அப்புறம், எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டுகளையும் கணக்குக்கு வந்த அந்தத் தனி ஷீட்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஆசையாக லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சான்றொப்பத்துக்கு முத்திரை குத்த வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கின் மேல் குத்த மாட்டார்கள்.