பிக்கப் இருக்கட்டும், பிளக் எங்கே? மின்சார எஸ்.யூ.வி. கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரக வண்டியைப் பற்றி. சரிந்து இறங்கும் கூரை, பெரிய சக்கரம், ஏழு நொடிக்குள் நூறைத் தொடும் வேகம், ஓசையே இல்லாத மோட்டார். என்னிடமும் அப்படி ஒன்று ஒன்றரை வருடமாக இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லது சொன்னால் விளம்பரம் என்பீர்கள், கெட்டது சொன்னால் எனக்கு ஃபோன் வரும்.

மஹிந்திரா பி.இ. 6, பெரிய பேட்டரி வாங்கினேன். 680 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று படித்துத்தான் வாங்கினேன். சேலத்திலிருந்து சென்னை போகும்போது கணக்குப் போட்டால் 400 தான் தேறும்போல் இருக்கிறது. பேட்டரியில் கோளாறா? – சேலம் வாசகர்

கோளாறு பேட்டரியில் இல்லை, அந்த எண்ணை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு எடுத்தது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.; பெரும்பாலான நேரம் அதைவிட மெதுவாகத்தான் ஓடும். வாழப்பாடி தாண்டியதும் நீங்கள் எந்த வேகத்தில் போனீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. 120 என்று வைத்துக்கொள்கிறேன்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100லிருந்து 120க்குப் போனால் அது 44 சதவீதம் ஏறிவிடும். இந்த அளவு வண்டிக்கு 90–100 வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 16, 17 யூனிட் ஆகிறது; 120ல் 21, 22 ஆகிறது. உங்கள் பேட்டரி 79 யூனிட். வகுத்துப் பாருங்கள்: முதல் கணக்கில் 470 வருகிறது, இரண்டாவதில் 370. திரையில் "இன்னும் இத்தனை கி.மீ." என்று வரும் எண்ணை மறந்துவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் பார்த்துப் பழகுங்கள். அதுதான் பொய் சொல்லாது.

மகனுக்கு 19 வயது. லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. இந்த மாதிரி வண்டியை அவன் கையில் கொடுக்கலாமா? – திருப்பூர் வாசகர்

கொடுக்கலாம், ஆனால் சாவியோடு சேர்த்து நீங்களும் வண்டியில் ஏற வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், கியர் மாறும், அப்புறம்தான் வேகம் வரும். அந்த இடைவெளியில் புத்தி வேலை செய்யும். மின்மோட்டாரில் அந்த இடைவெளி கிடையாது. பி.இ. 6ஐ எடுத்துக்கொண்டால் 380 நியூட்டன் மீட்டர் இழுவிசை முதல் சுற்றிலேயே கையில் இருக்கும். 40லிருந்து 80க்குப் போக மூன்று நொடி ஒட்டித்தான் ஆகும். சத்தமும் இல்லாததால் 80 என்பதே உறைக்காது. வெள்ளகோவில் பக்கம் ஒரு நாள் மாலை, நான் 60ல் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். 94. எனக்கு வயது 51, ஓட்ட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது.

நிற்பதற்கும் இதே கணக்குதான். இரண்டு டன்னை ஒட்டிய எடை. 80ல் போவதைவிட 100ல் போகும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுதல். பிக்கப் கொடுத்த கம்பெனி நல்ல பிரேக்கும் கொடுத்திருக்கும். ஆனால் கிராமத்துச் சாலையில் குறுக்கே வரும் ஆட்டுக்குட்டிக்கு உங்கள் வண்டி வருவது காதில் விழாது.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இருப்பதிலேயே மந்தமான மோடில் ஓட்டச் சொல்லுங்கள். பி.இ. 6ல் அதற்குப் பெயர் ரேஞ்ச். மற்ற வண்டிகளில் ஈகோ என்று இருக்கும். ரேஸ், பூஸ்ட் பக்கமெல்லாம் அப்புறம் போகலாம். பையன் தேறிவிட்டானா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. பின்சீட்டில் பாட்டியை உட்கார வைத்து அவிநாசி கோயிலுக்குப் போய்வரச் சொல்லுங்கள். பாட்டி திட்டாமல் இறங்கினால் சரி.

பாட்டி திட்டவில்லை, வாந்தி எடுத்தார். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். பழைய டீசல் வண்டியில் இப்படி இல்லையே? – தாம்பரம் வாசகி

(இது தனிக் கடிதம், மேலே உள்ளதற்குப் பதில் போல அமைந்துவிட்டது.)

வண்டி ஓட்டுவது உங்கள் கணவரா? அவர் ஒரே பெடலில் ஓட்டுகிறார் என்று நினைக்கிறேன். அந்த மோடில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டே வண்டியைப் பிடித்து இழுக்கும். இதற்குப் பெயர் ரீஜென். ஓட்டுபவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. டீசல் வண்டியில் இன்ஜின் சத்தம் முன்கூட்டியே சொல்லிவிடும். இதில் அந்தத் துப்பும் இல்லை. போதாததற்கு, கூபே மாதிரிச் சரியும் கூரை கொண்ட வண்டிகளில் பின் ஜன்னல் சிறிது, வெளியே தொடுவானம் தெரியாது.

வீட்டார் ஏறும்போது ரீஜெனைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிடச் சொல்லுங்கள். காலை வெடுக்கென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்த வேண்டும். பிள்ளைகள் கையில் இருக்கும் ஃபோனையும் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அப்பார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. கீழே பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக் மட்டும்தான் போட முடியும் என்கிறார்கள். பெரிய சார்ஜர் இல்லாமல் இந்த வண்டி வாங்குவது வீணா? – வேளச்சேரி வாசகர்

வீண் இல்லை. அந்த பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணி நேரம் போட்டால் 30 யூனிட், அதாவது 170 கி.மீ. வேளச்சேரியிலிருந்து ஒரே நாளில் 170 கி.மீ. ஆபீசுக்காக ஓட்டுபவர் யார்? பூஜ்யத்திலிருந்து முழுசாக நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் தினமும் பூஜ்யத்துக்கு யாரும் வருவதில்லை. ஃபோனை எப்படி இரவில் சொருகிவிட்டுப் படுக்கிறோமோ அப்படி.

பிளக் சின்னதாக இருந்தாலும் வயரிங் சின்னதாக இருக்கக் கூடாது. உங்கள் மீட்டரிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). தண்ணி மோட்டாரோடு பங்கு போடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். வீட்டு சாக்கெட் அயர்ன் பாக்ஸுக்காகச் செய்தது, எட்டு மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் தாங்குவதற்கு அல்ல. முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

என் வீட்டுக் கதை: சார்ஜர் சொருகியதும் சிவப்பு விளக்கு மினுக்கியது. வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை அலைந்தேன். கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எர்த் லைனே இல்லை. முன்பு வேலை பார்த்தவர் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இருபது வருடமாக ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் அதில் ஓடியிருக்கின்றன. வண்டிதான் கண்டுபிடித்தது. தோட்டத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கிய பிறகு பச்சை விளக்கு வந்தது.

இ.பி. பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் 1,200 கி.மீ. ஓட்டினால் சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து 220 யூனிட், இரண்டு மாதத்துக்கு 440. வீட்டு மீட்டரிலேயே போட்டால் 500ஐத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் யூனிட் 8 ரூபாயைத் தாண்டும். 1,000க்கு மேல் 11 ரூபாயைத் தாண்டும். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அவர்கள் உங்கள் வீட்டு ஏ.சி.யைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான்.

ஊட்டிக்கு எடுத்துப் போகலாமா? மலையேறும்போது பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். – மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து

ஏறுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், இறங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். ஆட்கள், பெட்டிகளோடு இரண்டரை டன் என்று வைத்தால் உயரத்துக்கு மட்டும் 13 யூனிட். ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு இன்னும் ஆறு. 79 யூனிட் பேட்டரியில் கால் பங்கு காலி, அவ்வளவுதான்.

சிக்கல் மறுநாள் காலையில். விடுதியில் சார்ஜர் இருக்கிறதே என்று இரவெல்லாம் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிடுவார்கள். குன்னூர் தாண்டி இறங்கும்போது ரீஜென் வேலை செய்யாது. நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் எங்கே ஊற்றுவது? காலை எடுத்தால் பிடிக்கும் என்று பழகிய வண்டி, நியூட்ரலில் உருளுவது போல் ஓடும். முழுப் பாரமும் பிரேக்கில் இறங்கும். நாலு வளைவு தாண்டியதும் கருகல் வாசனை வரும். மார்கழி, தை மாதக் குளிரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் குளிர்ந்த பேட்டரி பாதி நிரம்பியிருந்தாலும் வேகமாகச் சார்ஜ் ஏற்காது.

ஆகவே ஊட்டியில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். ரீஜெனை உச்சத்தில் வையுங்கள். டீசல் வண்டிக்காரருக்கு மலைப்பாதையில் இரண்டாவது கியர் எப்படியோ, உங்களுக்கு அது அப்படி. கீழே வந்து சேரும்போது கிளம்பியதைவிட நாலைந்து சதவீதம் கூடியிருக்கும். முதல் தடவை அதைப் பார்க்கையில் லாட்டரி விழுந்த மாதிரி இருக்கும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி. 175 கிலோவாட் சார்ஜிங், இருபது நிமிடம் என்கிறார்கள். நம்பலாமா? – குரோம்பேட்டை வாசகர்

வண்டி வாங்கிக்கொள்ளும், கொடுப்பவர் யார்? ஜி.எஸ்.டி. ரோட்டில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது 60 கிலோவாட், சில இடங்களில் 30. அந்த 60லும் இரண்டு கன் (வண்டியில் சொருகும் கேபிள் முனை) இருந்து பக்கத்தில் இன்னொருவர் சொருகினால் உங்களுக்கு 30 தான். சொருகும் முன் எட்டிப் பாருங்கள்.

தாம்பரத்தில் முழுசாக நிரப்பிக் கிளம்பி 95ல் போனால் திருச்சியில் 30 சதவீதத்தை ஒட்டி மிச்சம் இருக்கும். அங்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு 85 வரை ஏற்றினால் நெல்லை போய்ச் சேரலாம். அதற்கு 60 கிலோவாட் கன்னில் 50 நிமிடம். 80க்கு மேல் மெதுவாகிவிடும், நூறு வரை உட்காருவது நேர விரயம், பின்னால் காத்திருப்பவர் சாபம் வேறு. யூனிட்டுக்கு வரியோடு 20 ரூபாய்க்கு மேல் கேட்பார்கள்.

பொங்கல் என்றால் வரிசை நிச்சயம். 10 சதவீதம் வரை இழுத்துவிட்டு சார்ஜர் தேடாதீர்கள், 30ல் தேடுங்கள். மூன்று ஆப் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றிலும் ஐந்நூறு ரூபாய் போட்டு வையுங்கள். என் பணம் 230 ரூபாய் எந்த ஆப்பில் தூங்குகிறது என்று எனக்கே தெரியாது.

80 சதவீதத்துக்கு மேல் போடாதே என்கிறார் மைத்துனர். ஷோரூமில் 100 போடு என்கிறார்கள். – ஈரோடு வாசகர்

இரண்டு பேரும் சரி, வேறு வேறு பேட்டரிக்கு. பி.இ. 6, பி.ஒய்.டி. வண்டிகளில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதில் 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே குழம்பும். வாரம் ஒரு தடவை முழுசாக நிரப்பினால் கணக்கு நேராகும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த பேட்டரிக்குத்தான் உங்கள் மைத்துனர் சொல்வது பொருந்தும். எதுவானாலும் 100 நிரப்பி வெயிலில் ஒரு வாரம் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஸ்டெப்னி இல்லை! என்ன செய்வது? – விழுப்புரம்

காற்றடிக்கும் சின்ன பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் வையுங்கள். மாதம் இருமுறை காற்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் கிட் உதவாது, டோ வண்டிதான். அதுவும் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிப்போகும் பிளாட்பெட் வண்டி. கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். பின்சக்கர மோட்டார் வண்டியில் பின் டயர் முதலில் தேயும், ஆகவே 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள்.

மழைத் தண்ணீரில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா? – முடிச்சூர் வாசகர்

ஷாக் அடிக்காது. பேட்டரிப் பெட்டியில் ஐ.பி. 67 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். ஆனால் அது அசையாத சுத்தமான தண்ணீர். முடிச்சூர்த் தண்ணீரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலுக்கு மேல் இருந்தால் வண்டியை அதில் இறக்காதீர்கள். பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும்போல் இருந்தால் சார்ஜர் எம்.சி.பி.யை முதலில் அணையுங்கள். மூழ்கிய வண்டியை "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கான கூடுதல் கவரை ஐப்பசிக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

சத்தமே இல்லாமல் ஸ்போர்ட்ஸ் வண்டியா? – கல்லூரி மாணவர், கோவை

மஹிந்திரா தன் மின்சார வண்டிகளுக்கு ஒலி அமைக்க ஏ.ஆர். ரஹ்மானையே பிடித்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் தம்பி?

பெரிய பேட்டரி இருக்கும்போது வண்டிக்குள் தனியாக 12 வோல்ட் பேட்டரி எதற்கு? – நாகர்கோவில் வாசகி

கதவுப் பூட்டு, திரை, விளக்கு, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அந்தக் குட்டியின் தயவில்தான். அது படுத்தால் எல்லாம் படுத்தது.

போன வருடம் ஒரு கோயில் வாசலில் பத்து நாள் நிறுத்திவிட்டு ரயிலில் போய் வந்தேன். டேஷ்கேமை (முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) அணைக்க மறந்திருந்தேன். திரும்பி வந்தால் கைப்பிடி வெளியே வரவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த சின்னச் சாவியால் கதவைத் திறந்து, உள்ளே இருட்டில் உட்கார்ந்து மேனுவலை ஃபோன் வெளிச்சத்தில் படித்தேன். பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தது, ஒரு விளக்குகூட எரியவில்லை. பூக்கூடை இறக்கிக்கொண்டிருந்த குட்டியானை டிரைவர் ஜம்ப் கேபிளோடு வந்தார். ஒரு நிமிடம்தான், திரை விழித்துக்கொண்டது. "இவ்வளவு பெரிய வண்டிக்கு என் வண்டி கரண்ட் கொடுக்குது பாருங்க சார்" என்று சொல்லி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

நீங்கள் ஒரு கேபிள் வாங்கி டிக்கியில் போடுங்கள். வாங்கிக்கொள்ள மட்டும்தான், அடுத்தவர் வண்டிக்கு நம் வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கக் கூடாது என்று பெரும்பாலான மேனுவல்களில் போட்டிருக்கிறது. அந்த டிரைவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.