‘கிளிஃப்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை எப்படித் தமிழாக்குவது?

கேள்வி: பிரெஞ்சு அருங்காட்சியகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘கிளிஃப்’ என்ற சொல் அதில் கிரேக்கக் கோயிலுக்கும், மத்திய அமெரிக்காவின் மாயா மக்களின் கல்வெட்டுக்கும், கணினி எழுத்துக்கும் வருகிறது. எல்லா இடத்திலும் ‘சித்திர எழுத்து’ என்று போடலாமா?

பதில்: வேண்டாம். செதுக்குதல், குடைதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, எழுத்து என்ற பொருள் அடிப்படையில் கிடையாது. கட்டடக் கலையில் இது கல்லில் வெட்டிய காடியையே, அதாவது நீளப் பள்ளத்தையே, குறிக்கும். பண்டைய கிரேக்கக் கட்டடப் பாணிகளுள் ஒன்றான டோரிக் பாணிக் கோயில்களில் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில் காணப்படும் ‘டிரிகிளிஃப்’ என்பதற்கு ‘முக்காடி’ என்பதே பொருள். நடுவில் இரண்டு முழுக் காடிகளும் இரு ஓரங்களிலும் அரைக்காடிகளும் சேர்ந்து மூன்றாகின்றன. அங்கே ‘எழுத்து’ என்று போட்டால் வாசகர் இல்லாத கல்வெட்டைத் தேடுவார்.

‘புனிதச் செதுக்கல்’ என்று பொருள்படும் ‘ஹைரோகிளிஃப்’ வழியாகத்தான் எழுத்து என்ற பொருள் இதில் ஏறியது. ஆனால் எகிப்தியக் குறிகளில் ஒலியைக் குறிப்பவையும் உண்டு என்பதை பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-இல் அரசர்களின் பெயர்களைக் கொண்டு விளக்கிய பிறகும், ‘சித்திர எழுத்து’ என்ற பெயர் நம்மிடையே நிலைத்திருப்பது எனக்கு வருத்தமே. ஸ்பானிய மொழியில் ‘கிளிஃபோ’ எனப்படும் மாயா குறிகளும் வெறும் படங்கள் அல்ல: ஜாகுவாரைக் குறிக்கும் ‘பாலம்’ என்ற சொல்லை, அந்த விலங்கின் தலையை வரைந்தும் எழுதலாம், ‘ப-ல-ம’ என்று மூன்று அசைக்குறிகளை அடுக்கியும் எழுதலாம். மரப்பட்டைத் தாள் நூல்களில் இவற்றைத் தூரிகையால் தீட்டியும் இருப்பதால், ‘செதுக்கெழுத்து’ என்பதும் முழுதாகப் பொருந்தாது. ‘எழுத்துக்குறி’ என்பதே என் தேர்வு.

அச்சிலும் கணினியிலும் இது ஓர் எழுத்தின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், லகரத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் ‘லை’ அச்சானது. அந்த ‘லை’யும் இன்றைய ‘லை’யும் ஒரே எழுத்து, ஆனால் இரண்டு கிளிஃபுகள். இவ்விடத்தில் ‘வரிவடிவம்’ என்று எழுதுங்கள். ‘எழுத்துரு’ என்பதைத் தவிருங்கள், அது ஃபான்ட்டுக்கு வழங்கிவிட்டது.

மூன்று இடத்திலும் மூன்று சொற்கள் வருவதால், முதல் இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘கிளிஃப்’ என்று ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.