முதல் சிறுகதையா? உங்கள் ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி இது: "முதல் சிறுகதை எழுத ஆசை. ஆனால் என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. கருவை எங்கே தேடுவது, எப்படி ஆரம்பிப்பது?"

மற்ற பதில்களைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லோரும் நிறைய வாசியுங்கள் என்று சொல்லி இருபது முப்பது பெயர்களைக் கொட்டியிருக்கிறார்கள். வாசிக்கத்தான் வேண்டும், யார் இல்லை என்றது? கேட்டவர் இதுவரை வாசித்ததே இல்லை என்று இவர்களாக ஏன் முடிவு கட்டுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அவர் கேட்டதில் என்னைக் குத்தியது அந்த நடுவரி. "பெரிதாக எதுவும் நடந்ததில்லை." இதை யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அது ஏன் என்று கீழே வரும்.

"நீ யாரம்மா சொல்வதற்கு" என்று கேட்க வருகிறவர்களுக்கு: நான் பெரிய எழுத்தாளர் கிடையாது. ஒரே ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, அதிலும் பாதிக் கட்டு இன்னும் பதிப்பாளர் குடோனில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் வாசகர் வட்டம் நடத்துகிற சிறுகதைப் போட்டிக்கு வருவதையெல்லாம் முதலில் உட்கார்ந்து சலிக்கிற வேலை பல வருஷமாக என் தலையில்தான். புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளை என்னளவுக்குப் படித்தவர்கள் குறைவு என்று தைரியமாகச் சொல்வேன்.

அந்தக் கதைகளில் என்ன வருகிறது தெரியுமா? மழை பெய்கிறது. ஒருவன் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், அவனுக்குப் பேர் கிடையாது, "அவன்"தான். கையில் டீ. பழைய காதலி எதிரில் குடையோடு வருகிறாள், அவளும் வெறும் "அவள்". நாலு பக்கத்துக்கு நினைத்துப் பார்க்கிறார்கள். கடைசி வரியில் அவன் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று தெரியவரும். இல்லாவிட்டால் எல்லாம் கனவு. இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் கதை சொன்னது வீட்டு நாய். திருப்பம் கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வையுங்கள். என் கேள்வியே வேறு. அந்த ஆள் காலையில் எழுந்து எங்கே போகிறான்? மாதம் எவ்வளவு வருகிறது? அன்றைக்கு லீவா, பர்மிஷனா, வேலையே போய்விட்டதா? இது எதுவும் எழுதுகிறவருக்கே தெரியாது. எந்த வேலைக்கும் போகாத, எந்தக் கடனும் இல்லாத, கரண்ட் பில் கட்டாத ஆட்கள் அந்தக் கதைகளில் திரிகிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு உண்மையிலேயே பெரிதாக எதுவும் நடக்காதுதான்.

நீங்கள் ஐடியில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சிறுசேரியோ சோழிங்கநல்லூரோ, ஷேரிங் ரூம், வார இறுதியில் ஊருக்கு ஆம்னி பஸ். இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்ல வருவது எந்த வேலைக்கும் பொருந்தும். உங்கள் ஆபீஸில் ஒருவர் பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். புது வேலை எதையும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள், மீட்டிங்குக்கும் கூப்பிட மாட்டார்கள், ஆனால் தினமும் வந்து ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் அவரிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். இது கதை இல்லையா? இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் மழையில் நிற்கிற காதலியைத் தேடிப் போக வேண்டும்?

இப்போது என் விஷயம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். கரிசல் காடு, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று தனித்தனி. கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு துளி போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். ஒட்டியதை உரச்சாக்கு விரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் பெட்டி காயாது, நமுத்துப்போய் வாய் கோணிக்கொள்ளும். காலையில் ஆபீஸிலிருந்து கணக்கப்பிள்ளை வந்து கோணலானதையெல்லாம் கழித்து ஒரு பக்கமாக ஒதுக்குவார். கழித்ததற்குக் கூலி கிடையாது.

என் முதல் கதை இதுதான். ஒரு மழை ராத்திரி, காயாத பெட்டிகளை அடுப்பைச் சுற்றிப் பரப்பி ஒரு பெண் விடிய விடியத் திருப்பித் திருப்பிப் போடுகிறாள். காலையில் கணக்கப்பிள்ளை வந்து எண்ணுகிறார், கழிக்கிறார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு அவருக்கு மோர் கொடுக்கச் சொல்கிறாள். அவர் செம்பைத் தூக்கிக் குடிக்கிற நேரத்தில், கழித்த குவியலிலிருந்து ஒரு கை பெட்டியை அள்ளி நல்ல குவியலில் போட்டுவிடுகிறாள். அவர் பார்த்துவிட்டாரா இல்லையா என்பதை நான் எழுதவில்லை. அதோடு கதை முடிந்தது.

ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். பேர் சொல்ல மாட்டேன். போட்டார்கள், உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மயில்துத்தத்தைக் காணோம். குரோஸ் கணக்கைக் காணோம். "கணக்கப்பிள்ளை" என்பதை "மேனேஜர்" ஆக்கியிருந்தார்கள், எங்கள் ஊர்ப் பேச்சை மெட்ராஸ் டிவி நாடகப் பேச்சாக மாற்றியிருந்தார்கள். இதெல்லாமாவது இடப் பற்றாக்குறை என்று விடலாம். கடைசியில் கை பெட்டியை அள்ளிப் போடுகிற இடத்தையே தூக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் கண்ணீர்த் துளி பசைக் கிண்ணத்தில் விழுவதாக முடித்திருந்தார்கள். அச்சில் முதல் கதை, அதில் கடைசிப் பத்தி என்னுடையது இல்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தம்பிதான் வாசித்துக் காட்டினான். முழுசையும் கேட்டுவிட்டு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் எப்படீ அழுதேன்? கண்ணீரு பசைக்குள்ள விழுந்தா பெட்டி ஒட்டுமா?"

என் கதையை மாற்றிய அந்த வார இதழ் உதவி ஆசிரியரைவிட அம்மாவுக்குச் சிறுகதை தெரிந்திருந்தது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். வேலை தெரிந்தவளுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று தெரியும். ராத்திரி முழுக்க விழித்து ஒட்டியவள் பசையைக் கெடுக்க மாட்டாள், அழ வேண்டுமானால் அந்தப் பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள். தொகுப்பு போட்டபோது என் முடிவையே திரும்ப வைத்தேன், மயில்துத்தமும் திரும்ப வந்துவிட்டது.

உடனே "அப்படியானால் ஏழை எளியவர்களைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டுமா, வறுமையை விற்கிறீர்களா" என்று ஒருவர் வருவார், எப்போதும் வருகிறார். இல்லை ஐயா. வங்கி மேனேஜரைப் பற்றி எழுதுங்கள், வைர வியாபாரியைப் பற்றி எழுதுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது, அதில் எவ்வளவு பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து இடைசெவல் ஒரு சின்ன ஊர். அங்கே 1923ஆம் வருஷம் பிறந்த இரண்டு பேர் பிற்பாடு சாகித்ய அகாதெமி விருது வரைக்கும் போனார்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் என்ன பெரிதாக நடக்கிறது? தீபாவளிக்கு அப்பாவுக்கென்று எடுத்த துண்டு, எங்கிருந்தோ வந்த ஓர் அநாதைப் பையனுக்குப் போகிறது. கி.ரா.வின் 'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காக, அதாவது நிலவரி பாக்கிக்காக, வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு துண்டு, ஒரு கதவு. ஆனால் அந்தத் துண்டு அந்த வீட்டில் என்ன விலை, அந்தக் கதவு இல்லாவிட்டால் ராத்திரி குளிருக்கு என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் அத்துப்படி. கதையின் முழுக் கனமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. வறுமை கொடுமையானது என்று இரண்டு பேரும் தங்கள் வாயால் எங்கேயும் பிரசங்கம் செய்யவில்லை, கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பரவாயில்லை. தீப்பெட்டி என்று வாயைத் திறந்தாலே படித்தவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகி, "குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதலாமே" என்பார்கள். அது நடந்தது, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அது ஒன்றுதான் நடந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது? இதே ஆட்கள்தான் 2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது வாட்ஸாப்பில் அப்படிப் புலம்பினார்கள். 2007க்கு அப்புறம் அன்றைக்குத்தான் விலை ஏறியது. இடையில் பதினான்கு வருஷம் டீ என்ன விலைக்குப் போனது, அட்டை என்ன விலைக்குப் போனது, மெழுகு என்ன விலைக்குப் போனது? அதைப் பற்றி ஒருத்தர் பேசவில்லை. சரி, விடுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். வானிலையில் ஆரம்பிக்காதீர்கள், அலாரம் அடித்து எழுந்திருப்பதிலும் ஆரம்பிக்காதீர்கள். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும் இடத்தில் கதவைத் திறந்து உள்ளே விடுங்கள். கணக்கு டேலி ஆகவில்லை, மணி ஏழு ஆகிவிட்டது, ஆபீஸ் வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. அந்த மாதிரி. யார், என்ன, எந்த ஊர் என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள், வாசகர்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் கதையில் ஆட்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். காலம் ஒரு நாள், முடிந்தால் ஒரு ராத்திரி போதும். பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை ஆறு பக்கத்தில் சொல்லப் பார்ப்பதுதான் நான் சலித்ததில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது.

ஆட்கள் பேசுவதை அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். நாகர்கோவில்காரர் நாகர்கோவில் பேச்சு பேசட்டும், கோயம்புத்தூர்க்காரர் ஏனுங்க என்று சொல்லட்டும். தெரியாத ஊர்ப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு வரியில் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் வருகிற விவரிப்பு சாதாரண எழுத்துத் தமிழில் இருந்தால் போதும், "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்" எல்லாம் யாரும் இப்போது கேட்கவில்லை. ஒற்றுப் பிழை பார்க்க ஒரு கூட்டம் காத்திருக்கும், அவர்களுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். பிழையைக் கடைசியில் யாராவது தமிழாசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிழை இருந்தால் என்ன என்கிற கட்சியும் நான் இல்லை. இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன் என்று தெரிகிறது.

முடிந்ததும் சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள், அறைத் தோழர் சிரித்தால் சிரிக்கட்டும். வாய் தடுக்குகிற இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். "உங்கள் கதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், கட்டணம் இவ்வளவு, சான்றிதழ் உண்டு, பத்துப் பிரதி நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று யாராவது கேட்டால் ஓடிவிடுங்கள். எழுதியவர்தான் காசு வாங்க வேண்டும். வாங்காமல் கொடுத்தாலும் தப்பில்லை. கையிலிருந்து காசு போகக் கூடாது.

எழுதியதை யாரிடம் முதலில் காட்டுவது என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். எழுதுகிற நண்பரிடம் வேண்டாம், அவர் தன் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். காதலியிடமும் வேண்டாம். கதையில் வருகிற வேலையை நிஜமாகவே பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். லேத் பட்டறைக் கதை என்றால் லேத் ஓட்டுகிறவரிடம், நர்ஸ் கதை என்றால் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸிடம். "நல்லாருக்கு தம்பி" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். "யப்பா, அந்த நேரத்துல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்களே" என்றால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, அப்புறம் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.